படுத்திருப்பதும் தூங்குவதும்

குழந்தைவேலு டாக்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, ஒரு நாய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து அவர் மகள் சுமதி அழைத்திருந்தாள். "அக்கா, அப்பா போயிட்டாருங்க. காத்தால காபி கொண்டுபோனேன், எந்திரிக்கவே இல்லீங்க" என்றாள். அடுத்த வாரம் அவர் தோட்டத்துக்குத் திரும்புவதாக இருந்தது. அந்த ஒரு வாரத்தை நினைத்து எனக்கு இன்னும் ஆறவில்லை.

சங்ககிரியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இரண்டு மேசை போட்டு ஆடு, மாடு, நாய்களுக்கு வைத்தியம் பார்த்தோம். அவர் மேசைக்கு நாயோடு போனவர்களுக்குத் தெரியும், மனிதர் சீக்கிரம் மருந்து எழுதமாட்டார். "காத்தால எந்திரிச்சதிலிருந்து இவன் என்ன பண்றான், சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். எப்போது தின்கிறது, எங்கே படுக்கிறது, யார் வந்தால் எழுகிறது என்று கேள்வி நீளும். வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"நாய்க்கு ஜாதகம் பாக்கறீங்களா டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஜாதகமில்லீங்க டாக்டரம்மா. அதோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சாப் பாதி நோவு தெரிஞ்சுரும்" என்று சிரித்தார். பேச்சு அத்தோடு முடியும் என்று பார்த்தால், அடுத்த நாய்க்கும் அதே கேள்வி.

ஒருமுறை ஒருவர் கறுப்பு நாய் ஒன்றைக் கொண்டுவந்தார். தோட்டத்தை விட்டு டவுனில் வீடு கட்டிக் குடிவந்தவர். நாய் ராத்திரியெல்லாம் குரைக்கிறதாம், அக்கம்பக்கத்தில் சண்டையாம். "ஒரு ஊசி போட்டு முடிச்சுருங்க" என்றார். குழந்தைவேலு வழக்கம்போல நாயின் நாளை விசாரித்தார். நம் பக்கத்துத் தோட்டங்களில் நடப்பதுதான்: பகலெல்லாம் கட்டிப்போட்டு, பால் கறந்து முடித்ததும் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். பகலில் உறங்கி, இரவில் காவல் காத்துப் பழகிய நாய். வீடு மாறியவர்கள் நாயின் வேலை மாறவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

"பொழுது சாஞ்சா வேலைக்கு வரோணும்னு நீங்கதானுங்க பழக்குனீங்க. அது ஒழுங்கா வேலைக்கு வந்ததுக்குக் கொல்லச் சொல்றீங்களே!" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "வா சாமி" என்று நாயைத் தானே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், இரவிலும் வேலை நடக்கும் ஒரு லாரிப் பட்டறையில் விட்டார். சில வாரம் கழித்து நானும் கூடப் போனேன். நடுப்பகலில், கழற்றிப்போட்ட டயர்களின் நிழலில் அது கால்களை நீட்டி உறங்கியது. "பகல்ல ஆரன் அடிச்சாக்கூடக் காதை ஆட்டாதுங்க. பொழுது எறங்கட்டும், இவரு ராஜ்ஜியந்தான்" என்றார் மேஸ்திரி. டாக்டர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

டாக்டரின் மனைவி இறந்த பிறகு மகள் அவரைச் சேலத்துக்கு அழைத்துக்கொண்டாள். நான்காவது மாடி. அவர் வளர்த்த நாய் வெள்ளச்சியும் கூடப் போனது. பார்க்கப் போனேன். அவர் கட்டிலில், அது தரையில். "அப்பா இங்க நல்லா ரெஸ்ட் எடுக்கறாருங்கக்கா. வெள்ளச்சியும் தூங்கிட்டே இருக்குது" என்றாள் சுமதி. தங்கமான பெண். தட்டில் பழத்தைக்கூட நறுக்கித்தான் வைத்திருந்தாள். அவள் உள்ளே போனதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"அது தூங்கலீங்க டாக்டரம்மா. காதைப் பாருங்க, லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் நிமிருது. செய்ய ஒண்ணுமில்லாம படுத்துக் கெடக்குது. தூங்கறது வேற, படுத்துக் கெடக்கறது வேற." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானுந்தானுங்க."

அதை மகளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவள் மனசு புண்படுமே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் தோட்டத்துக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார். அவளும் முகம் சுளிக்காமல் சம்மதித்தாள். தோட்டத்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், மோட்டாரைச் சரிசெய்தார்கள். "அடுத்த வாரம் ஊட்டுக்கு வாரேன், வெள்ளச்சியோட" என்று என்னிடம் போனில் சொன்னார். முன்பே வாய்திறந்து கேட்டிருக்கக்கூடாதா இந்த மனுஷன்? ஊரார் நாய்க்கெல்லாம் வாதாடியவருக்குத் தனக்காக ஒரு வார்த்தை பேச அத்தனை நாளானது.

அவரைத் தோட்டத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த காரிலிருந்து வெள்ளச்சி குதித்து இறங்கியது. முன்பு தினமும் காலையில் அவர் பின்னால் போன அதே வழியில், கிணற்றைச் சுற்றி, மரவள்ளிக் காட்டு வரப்பெல்லாம் நடந்து திரும்பியது. பிறகு வேப்பமரத்தடியில் படுத்துக் கண்ணை மூடியது. பறை முழங்கியது, உறவுக்காரர்கள் ஓவென்று அழுதார்கள். அதன் காது அசையவில்லை.

சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பாருங்க, அது தூங்குது" என்றாள். "எங்க ஊட்டுல ஒருநாளும் இப்படித் தூங்கலீங்களே."

அவர் மேசை இப்போதும் என் மேசைக்கு எதிரில்தான் இருக்கிறது. நான் கேலிசெய்த அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். நாயைக் கொண்டுவருகிறவர்களிடம் கேட்கிறேன். அவர்கள் கிளம்பும்போது, வீட்டில் பெரியவர்கள் உண்டா என்று விசாரித்து, அவர்களைப் பற்றியும் அதையே கேட்கிறேன்: "காத்தால எந்திரிச்சதிலிருந்து அவங்க என்ன பண்றாங்க, சொல்லுங்க."