அப்பாவின் உதரவிதானம்

கோட்டையில் ஆட்சி மாறிய புதிது. எங்கள் பண்ணையாரிடம் மட்டும் எதுவும் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு, அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்து நின்ற அப்பாவின் இடது விலாவில் பண்ணையாரின் காரியக்காரன் தடிக்கம்பால் போட்டான் ஒரு போடு. ரத்தம் வரவில்லை. அதுவே வினையாகப் போயிற்று.

திருத்துறைப்பூண்டியில் ஒரு டாக்டர் இருந்தார். பண்ணையாருக்கு உறவு. நாற்காலியை விட்டு எழாமலே, "வலிக்குதாடா?" என்று கேட்டார். அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

"இல்லீங்க ஆண்டே."

பண்ணையார் வீட்டு ஆட்களிடம் வலிக்கிறது என்று சொன்னால் மறுநாள் வேலை கிடையாது. அந்தப் பழக்கம். அந்த ஆளும் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். அவரெல்லாம் ஒரு மனுஷனா!

வீட்டில் அப்பாவால் படுக்க முடியவில்லை. இரண்டு வாய் கஞ்சி உள்ளே போனாலே மூச்சு இரைத்தது. மார்பில் காது வைத்துப் பார்த்த அம்மா அலறினாள். "அடியே, இங்க வந்து கேளுடி! நெஞ்சுக்குள்ள வயிறு உருளுது!" நானும் வைத்துக் கேட்டேன். குடல் இரைகிற சத்தம்தான்.

பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. "எங்க வலிக்குது, சொல்லுங்க" என்று பக்கத்தில் வந்தார். அப்பா மறுபடியும் துண்டை இடுக்கினார். "வலியெல்லாம் இல்லீங்க."

எனக்குப் பதினாலு வயது. வந்த ஆத்திரத்தில் அப்பாவை அறைந்திருப்பேன். "பொய்யி! நம்பாதீங்க! மூச்சு விட முடியாம சாவுறாரு!" என்று கத்தினேன்.

டாக்டரம்மா அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சதைத் திரை ஒன்று உண்டாம். உதரவிதானம் என்று பெயராம். அது கிழிந்து குடல் மேலே ஏறியிருந்தது. அன்றைக்கே அறுத்துத் தைத்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். தையல் பிரிக்கும் முன்பே போலீஸ்காரர் வந்து கட்டிலருகே நின்றார். "யாருய்யா அடிச்சது?"

"வரப்புல வழுக்கி விழுந்துட்டேனுங்க" என்றார் அப்பா. நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா கெட" என்று என்னை அடக்கினார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் படி இறங்கியதும் அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வலிக்குது புள்ள."

"இத எதுக்கு என்கிட்ட சொல்ற?" என்றேன்.