ஆறாம் லயம், நான்காம் வீடு

இந்த நாட்டில் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை, போஸ்ட்கோடைத்தான் கேட்கிறார்கள். மருந்துக்கடையில், பல் வைத்தியரிடம், மெத்தை வாங்கப் போன இடத்தில்கூட அதுதான் முதல் கேள்வி. சில எழுத்துகளையும் எண்களையும் சொல்லி முடிப்பதற்குள் என் தெரு அவர்களுடைய திரையில் வந்து நிற்கும். கவன்ட்ரிக்கு வந்த முதல் வருடம் பழைய கார் ஒன்றை வாங்கி, அதற்குக் காப்புறுதி எடுக்கத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் இனிமையான குரலில், "வாட்ஸ் த ஃபர்ஸ்ட் லைன் ஆஃப் யுவர் அட்ரஸ்?" என்று கேட்டாள். நான் பதறிப்போய், "நோ, நோ, சிக்ஸ்த் லைன்" என்றேன். அவள் அதே கேள்வியை மெதுவாக, காது கேளாதவரிடம் கேட்பதைப்போல், இன்னொரு தடவை கேட்டாள்.

அவள் கேட்டது முகவரியின் முதல் வரியை. நான் சொன்னது நான் பிறந்த லயத்தை. ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, வரிசையாக நிற்கும் அறைகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் லைன். எங்கள் வாயில் அது லயம் ஆயிற்று. நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆறாவது லயத்தில், தண்ணீர்ப் பீலியிலிருந்து எண்ணினால் நான்காவது வாசல் எங்களுடையது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இந்த 'சிக்ஸ்த் லைன்' கதையைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரிக்க வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போய் வந்த பிறகு அதை நான் சொல்வதில்லை.

என் தம்பி ராஜேந்திரன் ஊரில் கார் ஓட்டுகிறான். நானும் அவனும் சேர்ந்து வாங்கிய கார் அது. வெள்ளை நிறம், வாங்கிப் பத்து மாதம்கூட ஆகவில்லை, பின் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் கழற்றவில்லை. தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கார்தான் ஆம்புலன்ஸ். பிரசவ வலி வந்தாலும், குளவி கொட்டினாலும், கிழவர்களுக்கு மூச்சு முட்டினாலும் அவனுக்குத்தான் அழைப்பு வரும். முன்பெல்லாம் அதே வேலையைக் கொழுந்து ஏற்றும் லொறி செய்தது. எங்கள் அம்மாவை அந்த லொறியில்தான், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தோட்டத்துக்கு ஒரு கார் வேண்டும் என்று நான் இங்கே ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை செய்ததற்குக் காரணம் அதுதான். ஆகவே அந்தக் காரை ஒரு வாகனமாக மட்டும் என்னால் நினைக்க முடியாது.

காற்று பலமாக அடித்த ஒரு காலை, தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் நிறுத்தியிருந்த அந்தக் காரின்மேல் ஒரு சவுக்கு மரம் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை ஸ்டியரிங் வரை அமுங்கிப்போயிற்று. தம்பி வீடியோ அனுப்பினான். காரைச் சுற்றி நின்றவர்கள் சாவு வீட்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள். காப்புறுதி இருந்தது, மரம் விழுந்தாலும் ஈடு கிடைக்கும் என்று பத்திரத்தில் இருந்தது, கம்பனியின் ஆள் வந்து படமும் எடுத்துக்கொண்டு போனார். அதோடு சத்தமே இல்லை. தம்பி போன் செய்து கேட்டபோதெல்லாம், கடிதம் அனுப்பியிருக்கிறோம், அதன்படி செய்யுங்கள் என்றார்கள். அவனும் "ஆமாங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தான். அவனுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: கேட்ட ஆவணங்களை உரிய காலத்தில் தராததால் உங்கள் விண்ணப்பக் கோவை மூடப்பட்டது. நான் லீவு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

பதுளையில் அந்தக் கம்பனியின் கிளையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தம்பியிடம் சிங்களத்தில் பேசினாள். என் கைப்பையையும் காலில் போட்டிருந்த சப்பாத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷுக்கு மாறினாள். எனக்கு நன்றாகவே சிங்களம் வரும், சந்தையில் கற்ற சிங்களம். ஆனாலும் சொல்லவில்லை. கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது, வாங்கிக்கொண்ட கையெழுத்தும் இருக்கிறது என்று ஒரு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். கையெழுத்து தோட்டத்து ஆபீஸ் கிளாக்கருடையது. "ஸோ யூ ஹேவ் ரிசீவ்ட் இட், மேடம்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய ஊரில் ஒரு வீட்டுக்குப் போன கடிதம் அந்த வீட்டுக்குப் போனதுதான். எங்கள் ஊரில் ஆயிரம் பேருக்கு ஒரே முகவரி, அது தோட்டத்தின் பெயர்.

கிளாக்கர் நல்ல மனிதர், என் வயதுக்காரர். "நான்தாங்க கையெழுத்து வச்சு எடுத்தேன். மறுநாள் பெரட்டுல பேர் கூப்பிட்டு குடுத்துட்டேனே" என்றார். பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். என் அப்பா காலத்திலும் கடிதங்கள் அங்கேதான் வந்தன, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கை தூக்கியவர் வாங்கிக்கொள்வார். "என்ன பேர் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "எஸ். ராஜேந்திரன்" என்றார். சொல்லி முடித்ததுமே அவருக்கும் விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது. தம்பி தோட்ட வேலைக்குப் போவதில்லை, பெரட்டில் நிற்பதும் இல்லை. அங்கே நிற்கும் எஸ். ராஜேந்திரன் வேறு ஆள், மேட்டு லயத்துக்காரர்.

மேட்டு லயத்து ராஜேந்திரன் அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. நாங்கள் போனபோது அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். கடிதம் என்றதும் முகம் மாறியது. உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பின்னால் கைவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் உறையாகச் சுற்றிய ஒரு கவரை எடுத்து வந்தார். ஓரமாகக் கவனமாய்ப் பிரித்த கவர். உள்ளே சிங்களமும் இங்கிலீஷும். அவருக்கு இரண்டும் தெரியாது. கடிதத்தின் தலைப்பில் கம்பனியின் சின்னம்: இரண்டு கைகள், நடுவே ஒரு வீடு. "வீட்டுக் கடுதாசின்னு நெனச்சேன் பாப்பா" என்றார். "வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கேட்டு எழுதிப் போட்டு எவ்வளவோ வருசமாச்சு. இதுலயும் வீடு படம் போட்டிருந்துச்சு. யார்கிட்டயாச்சும் காட்டுனா ஏதாவது சொல்லி குழப்பிருவாங்கன்னு வச்சிருந்தேன்." தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் காரு வெசயம்னு தெரியலையேப்பா" என்றார்.

விமானத்தில் வரும்போது யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் என்று சொற்களைச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவை எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. மூன்று மாதமாக அந்தக் காகிதத்துக்குச் சாம்பிராணி காட்டியிருக்கிறார். கவர் முழுக்க அதன் மணம். மரம் நின்ற நிலம் யாருடையது, அது காற்றில்தான் விழுந்ததா என்று கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி மூன்று வாரத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது அதில். ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. எனக்கு அழுகை வந்தது, அது அவருக்காகவா தம்பிக்காகவா என்று தெரியவில்லை.

மறுபடி பதுளைக்குப் போனோம். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் வருத்தப்பட்டாள், உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஆனால் முகவரி முழுமையாக இல்லாதது வாடிக்கையாளரின் தவறு என்றாள். முழுமையான முகவரி என்றால் என்ன என்று கேட்டேன். வீட்டு இலக்கம் வேண்டும் என்றாள். தோட்டம் எங்களுக்கு இலக்கம் தரவில்லை என்றேன். அவள் யோசித்துவிட்டு நல்ல எண்ணத்தோடுதான் ஒரு வழி சொன்னாள்: பதுளை டவுனில் தெரிந்த கடை ஏதாவது இருந்தால் அதன் முகவரியைக் கொடுங்கள், நிறையத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இல்லையென்றால் உங்கள் இங்கிலாந்து முகவரியைக் கொடுங்கள். கோவையை இன்றே திறந்துவிடலாம்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கடல் தாண்டி, யாரோ ஒருவர் கட்டிய வீட்டில் வாடகைக்கு இருக்கும் எனக்குக் கடிதம் வந்து சேருமாம். ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், நான்கு தலைமுறையாக ஒரே வாசலில் இருப்பவனுக்கு வந்து சேராதாம். இந்தமுறை சிங்களத்திலேயே சொன்னேன். தவணை கட்டச் சொல்லி என் தம்பியின் போனுக்கு மாதம் தவறாமல் செய்தி அனுப்பினீர்கள், ஒன்றுகூட மேட்டு லயத்துக்குப் போகவில்லை. கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும்தான் உங்களுக்கு எங்கள் முகவரி போதவில்லை. நான் இங்கிலாந்து முகவரியைத் தரமாட்டேன், கடை முகவரியும் தரமாட்டேன். ஆறாம் லயத்துக்கு எழுதினால் ஆறாம் லயத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தப் பெண் என் சிங்களத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

வெளியே வந்ததும் தம்பி எனக்கு முன்னால் பஸ் நிலையம் வரை நடந்தான். பிறகு, "நீ ரோஷமா பேசிட்டு பிளேன் ஏறிருவக்கா" என்றான். "கார் இல்லாம இங்க இருக்கப்போறது நான்." அவன் சொன்னது சரி. திரும்பிப் போக டிக்கட் வைத்திருப்பவளுக்கு வீரம் மலிவு. நாளைக்கு இன்னொரு பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றினால் நான் அங்கே இருக்கமாட்டேன். "சரி, என் அட்ரஸையே குடுத்துருவோம்" என்றேன். ஏற வேண்டிய பஸ் வந்தது. அவன் ஏறாமல் எதிரே இருந்த ஹார்ட்வெயார் கடைக்குப் போய், கறுப்புப் பெயின்ட் டின் ஒன்றும் சின்ன பிரஷ் ஒன்றும் வாங்கி வந்தான். "அவுங்க நம்பர் தரலைன்னா நாமளே போட்டுக்குவோம்" என்றான்.

மறுநாள் எங்கள் கதவில் 6/4 என்று எழுதினான். கார் நம்பர் பிளேட்டில் வருவதுபோல் சதுரமான எழுத்து. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "எங்களுக்கு மட்டும் என்ன, நாங்க மனுசங்க இல்லையா?" என்றாள். மாலைக்குள் ஆறாம் லயத்தின் பன்னிரண்டு கதவுகளுக்கும் இலக்கம் வந்துவிட்டது. அனுமதி வாங்கினீர்களா என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து கேட்டார். "பெயின்ட் எங்களது, கதவும் நாங்க போட்டது" என்று சொல்லி அனுப்பினான் என் தம்பி. வாழ்க்கையில் அவன் ஆபீஸ் ஆளுக்கு "ஆமாங்க" சொல்லாத முதல் நாள் அது என்று நினைக்கிறேன். இருட்டும் முன்னே மேட்டு லயத்து ராஜேந்திரன் அண்ணன் இறங்கி வந்து, டின்னில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். "என் கடுதாசி வேற யார்கிட்டயும் போயிறக் கூடாதுல்ல தம்பி" என்றார். மேட்டு லயம் ஒன்பதாம் லயம், அவருடையது இரண்டாம் வாசல், ஆகவே அவருக்கு 9/2.

கிராம சேவகர் இரண்டு தடவை அலையவைத்தார். மூன்றாம் தடவை, மரம் காற்றில் விழுந்தது உண்மை என்றும், வாகனச் சொந்தக்காரர் இலக்கம் 6/4, ஆறாம் லயம் என்ற முகவரியில் வசிக்கிறார் என்றும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேசையில் வைத்தோம். அவள் படித்துவிட்டு உள்ளே போய், மேலாளரிடம் நீண்ட நேரம் பேசிவிட்டு வந்து, கணினியில் பழைய முகவரியை அழித்துப் புதியதை அடித்தாள். அடித்ததைத் திரையைத் திருப்பி எங்களிடம் காட்டினாள். தம்பி கண்ணாடி போடாமலே படித்தான்.

நான் திரும்பி வந்த பிறகுதான் கம்பனியிலிருந்து கடிதம் போயிற்று. இந்தமுறை பெரட்டுக்குப் போகவில்லை, தபால் பை கொண்டுவருபவர் லயம் வரை நடந்து வந்து கதவைப் பார்த்துக் கூப்பிட்டாராம். தம்பி அந்தக் கவரைப் படம் எடுத்து அனுப்பினான், உள்ளே இருந்ததை அனுப்ப மறந்துவிட்டான். ஈடு கிடைத்தது. கார் பதுளையில் ஒரு கராஜில் புதுக் கூரையோடு நிற்கிறது, வரும் வாரம் எடுக்கலாம் என்கிறார்கள். ராஜேந்திரன் அண்ணனின் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. கதவில் பெயின்ட் மங்காமல் பார்த்துக்கொள்கிறாராம்.

நேற்று என் காரின் காப்புறுதியைப் புதுப்பிக்க இங்கே தொலைபேசியில் பேசினேன். போஸ்ட்கோடைச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது, முகவரியின் முதல் வரி என்ன என்று. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் தடுமாறுவதில்லை. கையில் தேநீர்க் கோப்பையோடு ஜன்னல் அருகே நின்றுகொண்டு, தெளிவாக, "சிக்ஸ் பை ஃபோர், சிக்ஸ்த் லைன்" என்றேன்.

விசைப்பலகைச் சத்தம் நின்றது. "அப்படி ஒன்று எங்கள் பதிவில் இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும்" என்றேன். "எழுதிக்கொள்ளுங்கள்."