அடையாறு கடற்கரையில் சிவப்புப் பாசி

1943 செப்டம்பர், ரமலான் மாதம். காலை ஏழு மணிக்கு மயிலாப்பூர் லஸ் முனையில் நானும் பக்கத்து வீட்டு ஜமீலாவும் அடையாறு பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு ஓரணா.

ஜமீலாவின் கணவர் காசிம் பாய்க்கு டைபாய்டு காய்ச்சல் விட்டும் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். உடம்பு துரும்பாகிவிட்டது. கடல்பாசி கிடைத்தால் சாப்பிடுவதாகச் சொன்னார். பாலில் காய்ச்சி ஆறவைத்தால் கட்டியாக உறையும் நோன்புக் காலத்துப் பண்டம் அது. பாசி கப்பலில் வருகிற சரக்கு. யுத்தத்தால் எந்தக் கடையிலும் இல்லை. நான் பிறந்த தங்கச்சிமடத்தில் கரையில் ஒதுங்கும் சிவப்புப் பாசியைக் காயவைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். இரண்டு மூன்று நாள் தயங்கிவிட்டுத்தான் இதை ஜமீலாவிடம் சொன்னேன்.

பாலம் தாண்டி இறங்கி, ஊரூர்க் குப்பம் வழியாக மணலில் நடந்தோம். கொண்டுபோன தண்ணீரை நான் தொடவில்லை.

"குடிங்கக்கா. நீங்க குடிச்சா என் நோன்பு முறிஞ்சிடாது" என்று சிரித்தாள். மறுபக்கம் திரும்பி நின்று ஒரு மடக்குக் குடித்தேன்.

எட்டரை மணிக்குக் கடற்கரை சேர்ந்தோம். முதல்நாள் காற்றில் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று பாசி குவிந்து கிடந்தது. சிவப்பிலேயே இரண்டு விதம். ஒன்று இறகு மாதிரி, விரலில் குழைந்தது. மற்றது நூல்போல உருண்டு, கிளைகிளையாகப் பிரிந்து, நகத்தால் கிள்ளினால் நறுக்கென்று ஒடிந்தது. இதுதான் என்று தோன்றியது. ஆனால் சிறுவயதில் பார்த்தது. எப்படி உறுதியாகச் சொல்வது?

மீன்கூடையோடு போன ஒருத்தி நின்றாள். "இன்னாம்மா, மீன வுட்டுட்டுக் குப்பையப் பொறுக்கிக்கினு கீறீங்க?"

நான் தலை குனிந்துகொண்டேன். "வூட்டுக்காரருக்குச் சமைக்க" என்றாள் ஜமீலா.

"பாவம், அந்தாளு இன்னா தப்புப் பண்ணாரு?"

ஜமீலாவே சிரித்துவிட்டாள். அவள் பை நிறைய வெள்ளை இழைகள் இருந்தன. மேட்டு மணலில் பொறுக்கியவை.

"கடையில வெள்ளையாத்தானேக்கா விப்பாங்க. உங்க கையில இருக்குறது ரத்தமாட்டம் கீது."

எழுந்து உட்காரவே திராணியில்லாத மனிதருக்குக் கொடுக்கப்போகிறோம். அப்போது அவள் இழுத்த ஓர் இழை மணலிலிருந்து வரவில்லை. தோண்டி எடுத்தோம். வெயிலில் கிடந்த பாதி வெளுத்திருந்தது. மணலுக்குள் கிடந்த பாதி சிவப்பு. அதே உருட்சி, அதே கிளைகள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். சிவப்பை வெளுக்கவைக்கப் பல நாள் ஆகும். அவள் பொறுக்கியதை இன்றே காய்ச்சலாம்.

பகல் பன்னிரண்டுக்கு வீடு திரும்பினோம். உப்பும் மணலும் போகப் பல தண்ணீரில் அலசி, வேகவைத்து, வடிகட்டி, பாலும் பங்கீட்டுச் சர்க்கரையும் சேர்த்தோம். நோன்பிருப்பவள் ருசி பார்க்க முடியாது. ஒரு கிண்ணத்தில் எனக்குத் தனியாக ஊற்றச் சொன்னேன்.

"உங்களுக்கு எதனா ஆயிட்டா நான் இன்னாக்கா செய்வேன்?"

"நான் தின்னு வளர்ந்ததுதானே, ஜமீலா" என்று சாப்பிட்டேன். சாயங்காலம்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டைச் சாய்த்தோம்; பாசி அசையாமல் நின்றது.

நோயாளிக்கு நோன்பு இல்லை. ஆனாலும் பாங்கு கேட்டபிறகுதான் சாப்பிடுவேன் என்று காத்திருந்தார் பாய். சுவரோரம் தலையணை வைத்து உட்காரவைத்தோம். முதல் துண்டு இறங்கியது.

"சிங்கப்பூர் சரக்கா?"

"அடையாறு சரக்கு" என்றாள் ஜமீலா.

"இன்னொரு துண்டு வை."

எங்கள் ஊரில் இதைக் கஞ்சியாகத்தான் குடித்திருக்கிறேன். அங்கே அது பசிக்கு உணவு. யாரும் அதைத் தேடிப் பஸ் ஏறமாட்டார்கள். கதவோரம் நின்று அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமீலாவும் அசையாமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாச்சு. கையில பேரீச்சம்பழத்த வச்சிக்கினு நிக்கிறியே, வாயில போடு."