அத்தையின் நீச்சல் வகுப்பு

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அத்தையுடையது. அப்பாவின் அக்கா. செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்திம்பேர் போன பிறகும் அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள். பல வருஷமாக அவளுக்கு நடுவு வலி. இடுப்பு வலிக்கு எங்கள் தெருவில் மலையாளத்தை ஒட்டி அப்படித்தான் பேர். எதற்கு நடுவில் என்று மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு ஒரே குழப்பம்.

தைலம், கிழி ஒத்தடம், பெல்ட் எல்லாம் ஆகிவிட்டிருந்தன. பெரிய லீவு ஆரம்பித்த சமயம், வாசலில் கோலம் போட உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் தூக்கிவிட்டார்கள். செய்தி பெங்களூரில் இருந்த அவள் பிள்ளைக்குப் போயிற்று. ஓணத்துக்கு வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மாவைக் கையோடு அழைத்துப் போய்விடுகிறேன் என்று அத்தான் போனில் சொன்னார். அப்பாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அத்தையை யாரும் கேட்கவில்லை.

நீந்தினால் முதுகுக்குப் பலம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுபத்தைந்து வயதில் இது என்ன கூத்து என்று அப்பா சிரித்தார். அத்தையும் கூடச் சிரித்தாள். மறுநாளே அம்மாவிடம் வந்து, குழந்தைக்கு லீவு வீணாகிறது, நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடலாம், துணைக்கு நான் போகிறேன் என்றாள்.

விடிகாலையில் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. நீச்சல் உடையின் மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறிய அத்தையைத் தெருவில் யாரும் சந்தேகிக்கவில்லை. நீச்சல் குளத்தின் கம்பி ஏணியில் இரண்டு படி இறங்கியதும் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"போகலாம்டீ. முதல்ல உள்ளே இறங்கிட்டுப் போகலாம்" என்றாள்.

கற்றுக்கொடுக்கும் சேச்சி கீழே வந்து நின்று, "மாமி பேடிக்கண்டா" என்று, பயப்படாமல் தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அன்று முழுக்க அத்தை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். அவ்வளவுதான். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கடைசிவரை அந்தக் கம்பியை நான் விடவேயில்லை. வீட்டில் என்னவோ என் நீச்சலைப் பற்றித்தான் பெருமை பேசிக்கொண்டார்கள்.

மழைக்காலம் வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. அத்தை விடவில்லை. சில நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நடந்து வருவாள். இன்றைக்கு வேண்டாமே என்றால், "தாமசிச்சாலும் பரவாயில்லை, நேரமானா ஆகட்டும், ஆட்டோவைக் கூப்பிடு" என்பாள். ஆடி மாதத்தில் ஒருநாள் சேச்சியின் கை இல்லாமலே அக்கரை தொட்டாள். மூச்சு வாங்க என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது பார்த்தார்களா என்று தேடுவது போலிருந்தது. நான் மட்டும்தான் கைதட்டினேன்.

ஓணத்துக்கு அத்தான் வந்தார். பெட்டிகளைக் கட்டியாயிற்றா என்றுதான் முதலில் விசாரித்தார். அத்தை இலை போட்டுப் பரிமாறினாள். பிறகு அவருக்கு எதிரே சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் கையை எங்கும் ஊன்றாமல் எழுந்து, குனிந்து இலையை எடுத்தாள்.

"நான் வரலைடா. இங்கே எனக்கு ஒரு குறைவும் இல்லை, கேட்டையா?"

அத்தான் கை கழுவ எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துத் தனியாகத் தம்பானூர் ரயிலடிக்கு ஆட்டோ ஏறினார். வாசலில் நின்று சிரித்துக் கையாட்டிய அத்தை, ஆட்டோ திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். மூடிய கண்களிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. பிள்ளை ஊருக்குப் போன வருத்தம் என்று நினைத்து, அத்தான் தீபாவளிக்கு வந்துவிடுவாரே என்று தேற்றினேன்.

"வருவான். கதவைச் சாத்திட்டுப் போ, கொழந்தே" என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போலத் துண்டும் பையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள். அத்தானும் போயாயிற்று, முதுகும் சரியாகிவிட்டது, இனி எதற்குப் போக வேண்டும் என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டேன். நேரமாகிறது, செருப்பைப் போடு என்று மட்டும் சொன்னாள்.

அத்தைக்கு நீச்சல்மேல் அவ்வளவு ஆசை என்றே நான் நினைத்துக்கொண்டேன்.