என் மகள் கள்ளாட்டம் ஆடவில்லை

போன வருஷம் ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாள் முடிந்த வாரத்திலிருந்து, ஜெபமாலை மாதமான அக்டோபர் பாதி போகும் வரைக்கும் என் மகள் ஜெனிஃபர் வாய் திறந்து பேசவில்லை. என்னோடும் இல்லை, அவள் அப்பாவோடும் இல்லை. பசித்தால் கேட்கமாட்டாள். வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள். ஒரு நாள் பள்ளியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை, மனதில் என்ன என்று கேட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர். நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கோயில் கோயிலாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ரெஜினா. ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு சலவைக் கடைக்குக் காட்டன் சேலைகளுக்குக் கஞ்சி போட்டுக் கொடுக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் ஜவ்வரிசிக் கஞ்சி போட்ட சேலை நாலு முறை கட்டினாலும் மொடமொடப்பு போகாது. கோயிலில் பீடத்துத் துணிகளும் என் கைக்குத்தான் வரும். இந்தப் பெருமைதான் என் பிள்ளையைக் கவிழ்த்தது.

ஜெனி துப்பாக்கி சுடுகிறவள். பயப்படாதீர்கள், பத்து மீட்டர் தூரத்தில் காகிதத்தைச் சுடுகிற ஏர் ரைபிள். எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுப்பவர் செல்வம் சார், வியாசர்பாடிக்காரர். கால்பந்தும் குத்துச்சண்டையும் விளைகிற இடத்திலிருந்து இப்படி ஒரு மனிதர் எப்படி வந்தாரோ என்று நான் கேலி செய்வேன். முதல் மூன்று மாதம் அவர் பிள்ளைகளுக்கு பெல்லட் குண்டே கொடுக்கவில்லை. வெறும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா உட்காராத பிள்ளை அங்கே சுவர் மாதிரி நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறையும்.

சுடும்போது கெட்டியான கேன்வாஸ் ஜாக்கெட் ஒன்று போட வேண்டும். முதுகைத் தாங்கிப் பிடிக்கிற ஜாக்கெட். ஜெனியுடையது ஏற்கெனவே வேறொரு பெண் போட்டுப் பழசாக்கியது. மாநிலப் போட்டி நெருங்கும்போது துணி துவண்டுவிட்டது. "தாங்கவே மாட்டேங்குதும்மா, முதுகு வளையுது" என்று புலம்பினாள். அதைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது என்று சார் சொல்லியிருந்தார். ஏன் என்று விளக்கிய பெற்றோர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்குச் சேலைகள் குவிந்து கிடந்தன.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது, அந்த ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் உள்ளே கஞ்சி தடவி மொட்டை மாடியில் காய வைத்தேன். சாயங்காலம் போட்டுப் பார்த்தவள் முகம் மலர்ந்தது. "இன்னாம்மா பண்ண, சூப்பரா கீது" என்றாள். திட்டுவாளோ என்று, வெயிலில் காய வைத்தேன், வேர்வை ஈரம் போயிருக்கும் என்று சொல்லிவைத்தேன். நம்பிவிட்டாள். அம்மா சொன்னதை எந்தப் பிள்ளை சந்தேகப்படும்?

போட்டியன்றைக்கு அவள் சுட்டாள் பாருங்கள், அதுவரை எடுத்ததிலேயே அதுதான் அதிகப் புள்ளி. மாநில அணிக்கு எடுத்துவிடுவார்கள் என்று செல்வம் சாரே சொன்னார். முடிந்ததும் பரிசோதனைக்குச் சிலரைக் கூப்பிட்டார்கள், ஜெனியையும் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன மெஷினில் ஜாக்கெட் துணியை வைத்து அழுத்துவார்கள். துணி இவ்வளவு அமுங்க வேண்டும் என்று விதி. அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் துணியே சுடுகிறவருக்கு முட்டுக் கொடுத்த மாதிரியாம். ஜெனியின் துணி அமுங்கவில்லை. திரும்பவும் வைத்தார்கள். அமுங்கவில்லை. ஜாக்கெட்டில் என்ன செய்தாய் என்று அதிகாரி கேட்டார். எதுவும் செய்யவில்லை என்றாள். பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஏதாச்சும் பண்ணியாம்மா?"

"நான் இன்னா பண்ணேன்? வெயில்ல வெச்சேன், அவ்ளோதான்."

அதிகாரி என்னைக் கேட்டார். இல்லை என்றேன். திரும்பி வரும்போது வேனில் செல்வம் சார் கேட்டார். இல்லை என்றேன். எங்கள் ஊரே இராயப்பர் பெயரால் வழங்குகிற ஊர். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர் அவர். அவராவது வெளியே போய் மனம் கசந்து அழுதார். நான் வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

அவள் சுட்டதை ரத்து செய்துவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, பழி முழுக்க என் பிள்ளை தலையில் விழுந்தது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் முணுமுணுத்ததால், கொஞ்ச நாள் பயிற்சிக்கு வரவேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். தெருப் பையன்கள் அவளைக் கண்டால் "கள்ளாட்ட வருதுடா" என்றார்கள். முதல் இரண்டு நாள் இல்லவே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லி அழுதாள். மூன்றாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான் ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை உபவாசம், ஒன்பது நாள் நவநாள், நடந்தே கோயிலுக்குப் போவதாக நேர்ச்சை. என் பிள்ளை வாயைத் திறந்துவிடும் ஆண்டவரே, வேறு எதுவும் வேண்டாம் என்று கெஞ்சினேன். ஆனால் அந்தக் கஞ்சி நினைவு வந்ததும் சட்டென்று அருள்நிறை மரியே ஜெபத்தைத் தொடங்கிவிடுவேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று, எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஆண்டவருக்கே பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் எங்கள் அன்பியத்தின், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின், ஜெபமாலை வீடு வீடாகப் போகும் அல்லவா? எங்கள் முறை வந்தது. இருபது பேர் வந்திருந்தார்கள். ஜெனி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்றாட்டு நேரத்தில் அன்பியத் தலைவி ஃபிலோமினா அக்கா அவளுக்காக ஜெபித்தார். நல்ல மனதோடுதான் ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்தப் பொண்ணு விளையாட்டுல செஞ்ச தப்ப மன்னிச்சு, அதுக்குப் புது வாழ்வு குடுங்க."

எல்லாரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் சொன்னேன். ஜெனி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். போட்டியில் பார்த்த அதே பார்வை இல்லை. அதில் கேள்வி இல்லை. யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நானாகப் பேசவில்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். "நிறுத்துக்கா. அவ ஒண்ணும் பண்ல. நான்தான் கஞ்சி போட்டேன். அவ கேட்டப்போ இல்லன்னேன்" என்று என் குரல் எனக்கே கேட்டது. எட்டு வாரமாக என் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவர் என் வாயைத் திறந்தார்.

ஜெனி எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். எல்லாரும் சத்தமில்லாமல் கிளம்பினார்கள். போட்ட டீ அப்படியே ஆறிப்போனது. நான் போய்க் குழாயடியில் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் பேசினாள். குரல் கரகரத்துக் கிடந்தது.

"கஞ்சி போட்டது கூட பரவால்லம்மா. தெரியாம பண்ணிட்ட. அத்தினி பேரு முன்னாடி நான் உன்னத்தான பாத்தேன். நீ சும்மா நின்னுகினு இருந்த."

அப்புறம் அழுதாள். நான் தொடப் போனேன், கையைத் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பசிக்குது என்றாள்.

மறுநாள் காலையில் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய், பெற்றோர் எல்லாரும் இருக்கும்போதே செல்வம் சாரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கியது. வரவேண்டாம் என்று சொன்னேனே, நானும் அந்தப் பிள்ளையை நம்பவில்லையே என்று தன்னைத்தான் நொந்துகொண்டார். அன்று மாலையே வீட்டுக்கு வந்து அவளை அழைத்துப் போனார். மேலிடத்துக்குக் கடிதமும் எழுதினார். உடுப்புக்குப் போட்டியாளரே பொறுப்பு, முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. அந்த வருஷம் போனது போனதுதான். இப்போது பெரிய பெண்களோடு போட்டியிட வேண்டிய பிரிவுக்கு வந்துவிட்டாள். துப்பாக்கியைத் தூக்கினால் கை நடுங்குகிறது. சார் மறுபடியும் பெல்லட் இல்லாமல் நிற்க வைத்திருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அம்மா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள் என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அழுகிறேன்.

உண்மையைச் சொன்ன அடுத்த சனிக்கிழமையே வரிசையில் நின்று, இந்த முறை வெளியே வராமல், பாவசங்கீர்த்தனம் செய்தேன். இப்போது வீட்டில் எதையும் நான் மறைப்பதில்லை. சேலையில் கறை பட்டால்கூட நான்தான் என்று கடையில் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு இது கொஞ்சம் தொல்லைதான்.

பிள்ளைகளை விளையாட அனுப்பும் அம்மாக்களே, வேண்டியது கிடைக்கவில்லை என்று அழுகிறவர்களே, என் ஆண்டவரை நம்புங்கள். அவர் கேட்கிறார். ஜெபிக்கும்போது எந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறீர்களோ, அந்த இடத்திலேயே அவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அங்கே நில்லுங்கள்.

ஜெனி இப்போது பேசுகிறாள். முன்பு மாதிரி எல்லாவற்றையும் என்னிடம் சொல்வதில்லை. நான் ஒன்று சொன்னால், "நெசமாம்மா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் நம்புகிறாள். ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. ஒவ்வொரு முறையும், கேட்கிறாளே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன்.