மூன்றைத் தாண்டிய எண்

வட்டக்கா என்றுதான் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். பரம்பரையாக நோய் வரும் குடும்பங்களுக்கு வம்சப் படம் போடுவது அவள் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், பெற்றதற்கு ஒரு கோடு. பிற்பகல் வெயில் மேஜைமேல் சாயும்போது கோடுகள் ஓடையாகும். கட்டமும் வட்டமும் வீடுகளாகும். உள்ளிருந்து யாரோ கதவு திறப்பார்கள்.

அன்று மேஜையில் கிடந்தது அவள் சின்னம்மாவின் குடும்பம். அந்தி சாய்ந்தால் கண் தெரியாமல் போகிற நோய். சின்னம்மாவுக்கு, மகள்கள் இருவருக்கு, அவள் அண்ணன்மாருக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு என்று வந்துகொண்டே இருந்தது. தச்சு வேலை பார்க்கும் மகனுக்கு மட்டும் பருந்துக் கண்.

"அக்கா, மூணு புள்ளி ஒண்ணு," என்றார் கணக்குப் பார்க்கும் டாக்டர், சட்டைப் பொத்தான் மாறியிருப்பது தெரியாமல். "மூணைத் தாண்டிட்டா இது தற்செயல் இல்லன்னு நம்பலாம். மரபணுவுல நோய் இருக்கற இடம் இதுதான்னு நாளைக்கே எழுதி அனுப்பிடறேன்."

நோய் வந்தவர்கள் ரத்தத்திலெல்லாம் ஒரே அடையாளம் இருந்தது. நோய் இல்லாத தச்சனிடம் அது இல்லை. தப்பித்த பிள்ளை என்று அவனையும் கணக்கு சாட்சிக்கு எடுத்திருந்தது.

வட்டக்கா தச்சனின் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். தச்சன் சின்னம்மா பெற்ற பிள்ளை இல்லை. பிரசவத்தில் போய்விட்ட பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தை. துணியில் சுற்றி எடுத்து வந்தபோது வட்டக்காவுக்கு ஏழு வயது. அவனுக்கே தெரியாது. "பெத்த பிள்ளை மாதிரியே கோட்டை நேராப் போட்டுடுடி" என்று சின்னம்மா கையைப் பிடித்துக் கேட்டதும், ஒரு கோடுதானே என்று போட்டுவிட்டாள்.

"சார், தச்சனைக் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க."

"ஏன்க்கா?"

"என் வீட்டு ஆளு. கேக்காதீங்க."

டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கணினியில் தட்டினார். இரண்டு புள்ளி எட்டு.

"போச்சு. இன்னொரு குடும்பம் தேடணும். வருஷம் ஆகும்க்கா."

"தேடித் தர்றேன் சார். நீங்க மொதல்ல பொத்தானைச் சரியாப் போடுங்க."

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் சின்னம்மா சுவரைத் தடவி உட்கார்ந்தாள்.

"யாரோட பிள்ளைன்னு சொல்லிட்டியாடி?"

"இல்ல சின்னம்மா. எடுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

"எடுக்கறதுன்னா?"

"தாள்லேர்ந்து மட்டும்."

சின்னம்மா வீட்டை ஒட்டிய பட்டறைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அங்கே மகனின் இழைப்புளி ஓடுவது தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டது.

"என் பொண்ணுங்களுக்கு வைத்தியம் தள்ளிப் போகுமா?"

"தப்பான இடத்துல தேடியிருந்தா இன்னும் தள்ளிப் போயிருக்கும்."

"உன்னைப் பொய்க்கோடு போட வச்சேன். திட்டணும்னா திட்டு."

"திட்டி யார் என்ன கண்டா. இருட்டப் போவுது, எழுந்திரு."

இழைப்புளி நின்றது. தலையெல்லாம் மரத்தூளோடு தச்சன் வந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.