ஐந்து நிமிட அமைதியும் கம்பெனி பஸ்ஸும்

கடவுளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது எங்கள் தொழிலில் சுலபமான வேலை. அவர் முன்னால் அறுபது பேரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைப்பதுதான் பிராணனை வாங்கும். வகுப்பறையிலோ கல்யாண மண்டபத்திலோ மைக்கைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் அமைதி" என்று கெஞ்சிப் பார்த்தவர்கள் எல்லாம் என் கட்சி. மற்றவர்களும் படிக்கலாம், அனுதாபப்பட்டால் போதும்.

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கம் வயல்களுக்கு நடுவே கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அங்கே ஒரு சின்ன சபைக்கு நான் போதகர்; ஜனங்கள் வாயில் 'ஐயர்'. ஜனங்கள் நல்ல ஜனங்கள். ஆனால் பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாமே பஸ் பிடிக்கிற வேகத்தில் ஓடும். நாம் யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு நிமிடமாவது திகைத்துப்போக வேண்டாமா என்று எனக்கு ஏக்கம். பிரசங்கம் முடிந்ததும் ஐந்து நிமிடம் அமைதி என்று அறிவித்தேன்.

கண்டக்டர் வைத்த கெடு

சபைச் செயலாளர் ஆபிரகாம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வாலிபர்கள் தடா ஊரில் டிரம்ஸும் கீபோர்டுமாக நடக்கும் கூட்டத்துக்கு நழுவிக்கொண்டிருந்த கவலை அவருக்கு. ஈஸ்டர் வரை பார்ப்பது, அதற்குள் அமைதி சரிப்பட்டு வராவிட்டால் அதை நிறுத்திவிட்டு டிரம் பேட் வாசிப்பது என்று கமிட்டியில் முடிவு வாங்கிவிட்டார்.

முதல் வாரம் எல்லோரும் கண்ணை மூடினோம். யாரோ நடக்கிற சத்தம். பார்த்தால் ஆபிரகாம், ஜமுக்காளங்களுக்கு நடுவே விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு போகிறார். உட்காரும்படி சைகை காட்டினேன். குனிந்து என் காதில் சொன்னார்: "உக்காந்துக்கினு எண்ணுனா பாதிப் பேரு தூணு மறைவுல போயிடறான் ஐயரே."

மரியாதை

செல்போன் புதிதாக வந்த காலம். லாரி ஆபீசில் வேலை பார்த்த யேசுபாதம்தான் சபையிலேயே முதலில் வாங்கியவர். மூன்றாம் வாரம் அமைதியின் நடுவே அது அலறியது. அவர் எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "சர்ச்சுல கீறேன், அப்பறம் பேசு" என்றார். அறுபது பேருக்கும் கேட்டது. ஆராதனை முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். அவருக்கு மனசு நொந்துபோயிற்று. "நான் எடுக்கலன்னா அது அடிச்சிக்கினே இருக்கும் ஐயரே. ஆண்டவருக்கு மரியாதயாத்தான் எடுத்தேன்!"

சுகந்தியின் அவசரம்

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போகிறவர்களை ஏற்ற, ஒன்பதேகாலுக்கு ஆலய வாசலில் கம்பெனி பஸ் வரும். சரியாக என் அமைதியின் நடுவே ஹாரன் அடிக்கும். சுகந்தியும் இன்னும் ஏழு பெண்களும் டிபன் பாக்ஸ் கடகடக்க எழுந்து ஓடுவார்கள். அதற்கப்புறம் என்ன அமைதி?

"ஆண்டவர் சமுகத்தை விட்டு இப்படியா ஓடுவது?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சுகந்தி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆண்டவரு எங்கியும் போவ மாட்டாரு ஐயரே. பஸ்ஸு நிக்காது."

என் கைக்கடிகாரம்

அடுத்த குற்றவாளி நான்தான். ஐந்து நிமிடத்தை அளக்க வேண்டுமே என்று கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷமாக நாக்கு "பரிசுத்தர்" என்று சொல்லும், மனசு மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். ஜனங்களுக்குப் பயபக்தி ஊட்டக் கிளம்பியவனிடமே சரக்கு இல்லை.

நான் கடிகாரம் பார்ப்பதை முதலில் கண்டுபிடித்தவர் யேசுபாதம். பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். "என் செல்லு கூப்ட்டாதான் நான் பாத்தேன் ஐயரே. உங்க வாட்ச்சு கூப்டாமலே பாக்கறீங்க."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஈஸ்டர்

கெடு நாள். ஆபிரகாம் டிரம் பேடைக் கொண்டுவந்து மூலையில் தயாராக வைத்திருந்தார். நான் வேதத்தை வாசித்தேன். கல்லறைக்குப் போன பெண்கள் திகைத்து, நடுங்கி, யாரிடமும் எதுவும் பேசாமல் ஓடினார்கள் என்ற இடம். அதற்குமேல் பேச எனக்கு வாய் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. பத்துப் பக்கப் பிரசங்கத்தை மூடி வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். பின்னால் ஒவ்வொருவராக முழங்காலிடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹாரன் அடித்தது. டிபன் பாக்ஸ் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். யாரும் எழவில்லை. மறுபடி அடித்தது. அப்போதும் எழவில்லை.

தலையைத் திருப்பிப் பார்த்தால், டிரைவரே இறங்கி வந்துவிட்டார். நகரிக்காரர், நெற்றி நிறைய விபூதி. கத்தத்தான் வந்திருப்பார். வாசலில் அறுபது பேரையும் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். கதவோரம் தலை எண்ண நின்றிருந்த ஆபிரகாம் அன்று விரலை நீட்டவே இல்லை. அவரிடம் டிரைவர் கிசுகிசுத்தது, இருந்த நிசப்தத்தில் எனக்கே கேட்டது.

"இன்னாண்ணா, உள்ள யாரு வந்துகீறாரு? கலெக்டரா?"

"இல்லப்பா. சாமி."

டிரைவர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப பொண்ணுங்க மெதுவா வரட்டும்ணா. வண்டி நிக்கும்."

அப்பாடா! அடுத்த கமிட்டியில் அமைதியை நிறுத்தும் பேச்சை ஆபிரகாம் எடுக்கவே இல்லை. டிரம் பேடும் இருக்கிறது, ஆனால் அந்த ஐந்து நிமிடம் முடியும்வரை அதற்கும் வாய் திறக்க அனுமதியில்லை, எனக்கும் இல்லை.